மௌரீன் கேட்கத் தயங்கிய சம்பளம்

மௌரீனை நல்ல பாடகி என்று பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் யாரும் சொன்னதில்லை. சுருதி விலகாது, குரல் கம்மாது. அதற்கு மேல் புகழ்ந்தால் அவளே நம்பமாட்டாள். நல்ல மேய்ப்பர் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையின் ஓரத்தில், தூணில் ஒரு கையை ஊன்றியபடி நிற்பாள். ஆனாலும் அந்தக் குழு இத்தனை ஆண்டுகளாகக் கலையாமல் இருப்பதற்கு அவளைத் தவிர வேறு காரணம் தேடினால் கிடைக்காது.

மனிதர்களை அவர்களுக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கோபம் வராமல் வரவழைப்பதில்தான் அவளுடைய திறமை இருந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் வேலை. பல் பிடுங்கிக்கொள்ள ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை. "வலிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன் சார். வராம இருந்தா இன்னும் வலிக்கும், அதை மட்டும் சொல்றேன்" என்று போனில் அவள் சொல்வதில் பொய் இல்லாததால் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அதே குரலில்தான் வெள்ளிக்கிழமை மாலைகளில் தையல்காரரையும் ஆட்டோக்காரரையும், மாநகராட்சியில் தெருக்கூட்டி ஓய்வுபெற்ற அன்னம்மாளையும் பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துவந்தாள். தன் கணவன் ஓஸ்வால்டை அழைத்துவருவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கனத்த குரல், இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவான்.

குழுவுக்கு கீபோர்டு வாசித்தவன் லாயிட். முப்பத்தைந்து வயது, லிங்கராஜபுரத்தில் வீடு, பகலில் கூரியர் அலுவலகத்தில் வேலை. எட்டு ஆண்டுகளாக வெள்ளியும் ஞாயிறும் ஸ்கூட்டரில் நகரத்தைக் குறுக்காகக் கடந்து வந்து வாசித்துக்கொண்டிருந்தான். அதற்குச் சபை அவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு கவரும் ஒரு கேக்கும், ஆண்டு முழுவதும் ஏராளமான ஜெபமும் கொடுத்தது. சம்பளம் என்ற சொல்லை யாரும் எடுத்ததில்லை. இசை ஊழியம்; ஊழியத்துக்கு விலை பேசுவது சாமி கும்பிட வந்த இடத்தில் செருப்புக்கு ரசீது கேட்பது மாதிரி அவர்களுக்குப் பட்டது. விலை பேசக் கூச்சப்படும் மனிதர்கள் பெரும்பாலும் இன்னொருவரின் செலவில்தான் கூச்சப்படுகிறார்கள். அதை மௌரீன் அறிந்திருந்தாள்; அறிந்தும் மற்றவர்களோடு சேர்ந்து பேசாமல்தான் இருந்தாள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் லாயிட் பயிற்சி முடிந்ததும் தயங்கி நின்றான்.

"அக்கா, எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில சாப்பிட வர்றவங்களுக்கு வாசிக்கணும். நல்ல காசு."

"காலையிலயா?"

"ஆராதனை நேரம்தான். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்காங்க. பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்க்கா. நான் உங்ககிட்ட காசு கேக்கல. தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்."

சபைக் கமிட்டி இதற்கு உடனே தீர்வு கண்டது. போனில் எல்லாப் பாட்டுக்கும் பதிவு செய்த இசைத்தடம் கிடைக்கிறது. ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டால் ஆள் தேவையில்லை. லாயிட் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிறன்று சோதித்தும் பார்த்தார்கள். அன்னம்மாளுக்கு இழுப்பு உண்டு. ஒவ்வொரு அடியின் நடுவிலும் நின்று மூச்சு வாங்கித்தான் பாடுவாள். அவள் குரல்தான் சபையிலேயே பெரியது என்பதால் மற்றவர்களும் அவளோடு நின்று அவளோடு கிளம்புவார்கள். தடம் நிற்கவில்லை. சபை இரண்டாம் அடியில் இருக்கும்போது அது பல்லவிக்குத் திரும்பியிருந்தது. ஓடிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல், ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். யாருமில்லாத வீட்டில் ரேடியோ பாடுவதுபோல் அது மட்டும் கடைசிவரை பாடி முடித்தது.

"தப்பு நம்ம மேலதான்," என்றார் ஆண்ட்ரூ பாஸ்டர். நல்ல மனிதர், எதிலும் தன் பக்கத் தப்பைத்தான் முதலில் தேடுவார். "நாம கொஞ்சம் வேகமாப் பாடப் பழகணும்."

"அன்னம்மாக்காவுக்கு வேற நுரையீரல் வாங்கிக் குடுங்க பாஸ்டர், பழகிக்குவாங்க," என்றாள் மௌரீன்.

அன்றிலிருந்து அவள் பண உதவி தேடத் தொடங்கினாள். ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு, மதம் சார்ந்ததற்குத் தருவதில்லை என்று பணிவாக எழுதியது. கனடாவில் இருந்த ஒரு பழைய சபை உறுப்பினர் நீண்ட ஜெபம் ஒன்றை ஒலிப்பதிவாக அனுப்பினார். வார்டுப் பிரமுகர் ஒருவர் தன் பெயர் பொறித்த ஒலிபெருக்கி தருவதாகச் சொன்னார். பெயர் ஒலிபெருக்கியைவிடப் பெரியதாக இருந்தது. கடைசியில், கடைவாய்ப்பல்லுக்கு வந்த ஓர் ஆசிரியை, வாய் மரத்துப்போய் குழறியபடியே, ஜெயநகரில் உள்ள சாரல் அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னாள். வழிபாட்டுக்கு அவர்கள் தருவதில்லை. ஆனால் ஒரு தெருவில் உள்ளவர்கள் கூடிப் பாடுகிறார்கள் என்றால் தருகிறார்கள், இடம் கோயிலா மசூதியா சர்ச்சா என்று பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குத் தெருவில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது சபையில் முன்பிருந்தே வழக்கம். சபைச் சுவரை ஒட்டி ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்த முனிகிருஷ்ணனின் மகள் தாரணி கீபோர்டு பழகியது அங்கேதான். அவர் நெற்றியில் திருநீறோடு வாசலில் நின்று மகளை அழைத்துப்போவார். ஆகவே மௌரீன் எதையும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. என்னென்ன தேவை என்று எழுதும் இடத்தில்தான் கமிட்டி கூடி உட்கார்ந்தது. புதிய கீபோர்டு, இரண்டு ஒலிபெருக்கி, மைக்குகள், குழுவுக்கு ஒரே நிறத்தில் சீருடை. எல்லாம் எழுதியபின் மௌரீன் மெல்ல, "லாயிடுக்கு?" என்றாள். பிறகு கடைசி வரியாக 'வாசிப்பவரின் போக்குவரத்துச் செலவு' என்று எழுத முடிவாயிற்று. சம்பளம் என்று எழுதச் சொல்ல அவளுக்கும் நா எழவில்லை.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. கோதண்டராமன் என்பவர் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். வரவேற்போ அன்பளிப்போ வேண்டாம். வழக்கமான பயிற்சி ஒன்றைப் பார்த்தால் போதும். மௌரீன் இதைக் கமிட்டியில் வாசித்தாள்.

ஆண்ட்ரூ பாஸ்டர் கண்ணை மூடி ரசித்தார். "பாத்தீங்களா, எவ்வளவு தாழ்மை."

"பெரிய மனுஷங்க அப்படித்தான் எழுதுவாங்க," என்றான் ஓஸ்வால்ட். "நாம கல்யாணப் பத்திரிகையில பரிசு வேணாம்னு போடறதில்லையா? போட்டுட்டு, யாரு மொய் வெக்காம சாப்பிட்டுப் போறான்னு பாக்கறதில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மௌரீனும் சிரித்தாள். முதல் தடவை 'வேண்டாம்' என்று சொல்லி, அதை உண்மையிலேயே அப்படிக் கருதிய ஒரு விருந்தாளியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. காப்பிக்கே மூன்று முறை மறுத்தபின்தான் டம்ளரை வாங்குவார்கள். "ஒரு சால்வை மட்டும் போடுவோம்," என்றாள். பெங்களூரில் சால்வை தனியாக வந்து யாரும் பார்த்ததில்லை என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தபோது சந்து முனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சீரியல் விளக்குகள் பகலிலேயே எரிந்தன. கணபதி விழாக் கமிட்டியிடமிருந்து ஆளுயர ஒலிபெருக்கிகள் வந்திருந்தன. நடுவில் முனிகிருஷ்ணன் தன் செலவில் அச்சடித்த பேனர்: கதவளவு பெரிய கோதண்டராமன், பின்னணியில் அருவி, மேலே பறக்கும் இரண்டு புறாக்கள், கன்னடத்திலும் தமிழிலும் வரவேற்பு.

"படம் எங்க கெடச்சுது அண்ணா?"

"அவங்க வெப்சைட்ல இருந்துச்சு. முகத்துல ஸ்வல்ப கூட சிரிப்பு இல்ல. நான்தான் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சிரிக்க வெச்சேன்," என்றார் முனிகிருஷ்ணன்.

மெட்ரோவிலிருந்து நடந்து வந்த கோதண்டராமன் தன் முகத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். எழுபது வயதிருக்கும், மல்லேஸ்வரத்துக்காரர், ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறைகூடக் கைதட்டாதவர் என்று அந்த ஆசிரியை சொல்லியிருந்தாள். நேரில் பார்த்தபோது அது மிகையாகத் தெரியவில்லை.

உள்ளே வந்து அவர் உட்காருவதற்குள் சால்வை தோளில் விழுந்தது. சந்தன மாலை கழுத்தில் விழுந்தது. மடியில் பழக்கூடை. அவர் "இல்லை, வேண்டாம், தயவுசெய்து" என்று சொல்லச் சொல்ல, எல்லாரும் அந்தப் பணிவை மெச்சித் தலையாட்டினார்கள். பின்னாலிருந்து வந்த முனிகிருஷ்ணன் சரிகைக் கரை போட்ட மைசூர் பேட்டாவை, அந்த ஊர்த் தலைப்பாகையை, அவர் தலையில் பொருத்தி, சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குழு பாடியது. ஒரு மாதம் ஒத்திகை பார்த்த நான்கு குரல் பாட்டு. பிழை இல்லாமல் போயிற்று. கோதண்டராமன் பேட்டாவும் பழக்கூடையுமாக, பஸ் நிலையத்தில் அறிவிப்பைக் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மௌரீனைப் பக்கத்தில் அழைத்தார்.

"அம்மா, நாங்க எழுதினதை நீங்க படிச்சேளா?"

"படிச்சேன் சார்."

"டீயைத் தவிர எதையும் நான் வாங்கக் கூடாது. எங்க சட்டம். இதெல்லாம் எடுத்துண்டு நான் வாசலைத் தாண்டினா, உங்க விண்ணப்பம் இங்கேயே முடிஞ்சுது."

அப்போதுதான் அந்த வரி வெறும் பணிவுக்காக எழுதப்பட்டதல்ல என்று மௌரீனுக்குப் புரிந்தது. "அப்ப திருப்பிக் குடுத்துடுங்க சார்."

"பாக்கறேளா?" அவர் மெதுவாகப் பேட்டாவைக் கழற்றிப் பக்கத்து பெஞ்சில் வைத்தார். முன்வரிசையிலிருந்து அன்னம்மாள் எழுந்து வந்தாள். "இன்னா சார், வழுக்கிக்கினு உழுந்துச்சா?" என்று அதை எடுத்து அவர் தலையில் மறுபடி வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அவர் மௌரீனைப் பார்த்தார். இன்னொரு முறை கழற்றினார். இன்னொரு முறை அன்னம்மாள் வந்தாள். "நல்லாத்தான் கீது சார், கூச்சப்படாதீங்கோ."

மௌரீன் கூட்டத்தைப் பார்த்தாள். விருந்தாளியின் தலையிலிருந்து பேட்டாவைப் பிடுங்கினால் அந்த அவமானத்தை இந்தத் தெரு ஒரு தலைமுறைக்குப் பேசும். விட்டுவிட்டால் மாதக் கடைசியில் லாயிட் போய்விடுவான். கீபோர்டின் பின்னால் அவன் எதுவும் தெரியாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொடுத்த மரியாதையைத் திருப்பி வாங்காமல் எடுத்துவிட ஏதாவது வழி உண்டா? மனிதனிடமிருந்து திரும்ப எடுத்தால்தான் அவமரியாதை. அவனே கடவுளிடம் கொடுத்துவிட்டால்?

அவள் மைக்கை எடுத்தாள்.

"ஐயா நம்ம மரியாதையை ஏத்துக்கிட்டாரு. ஏத்துக்கிட்டதை அப்படியே ஆண்டவருக்குக் காணிக்கையாக் குடுக்கறேன்னு சொல்றாரு. பேட்டா, சால்வை, மாலை, பழக்கூடை எல்லாம். ஓஸ்வால்ட், எந்திரி. ஏலம் போடு."

அன்னம்மாள் கோதண்டராமனைப் பார்த்தாள். "நெசமாவா சார்?"

அவர் சற்று யோசித்தார். "நிஜந்தான் அம்மா," என்றார். அதுவரை உண்மையாக இல்லாத ஒன்று, அவர் சொன்னதும் உண்மையாகிவிட்டது. இம்முறை அன்னம்மாளே வந்து பேட்டாவைக் கழற்றி, இரண்டு கையிலும் ஏந்தி, பீடத்தின் முன் வைத்தாள்.

அறுப்பின் பண்டிகையில் விளைச்சலையும் கோழியையும் முட்டையையும் காணிக்கையாக வைத்து ஏலம் விடுவது தமிழ்ச் சபைகளில் உண்டு. நல்ல மேய்ப்பர் சபையில் கூடுதலாக ஒரு பழக்கம்: ஒருவர் கேட்டு முடித்து அடுத்தவர் யோசிக்கும் நேரத்தில் சபை நன்றிப் பாட்டு ஒன்றின் ஓர் அடியைப் பாடும். பாட்டு முடிவதற்குள் தொகையை உயர்த்த வேண்டும். இதற்கு ஒத்திகை கிடையாது. எந்த இடத்தில் நிற்கும், எங்கே தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

தூக்கம் கலைந்த ஓஸ்வால்ட் வேறு ஆளாகிவிட்டான். "சால்வை! மல்லேஸ்வரத்து ஐயா தோள்ல பத்து நிமிஷம் இருந்த சால்வை! கேளுங்க!" தையல்காரர் கேட்டார். சபை பாடியது. ஆட்டோக்காரர் கூட்டினார். அன்னம்மாள் நடு அடியில் மூச்சுக்கு நின்றாள், எல்லாரும் நின்றார்கள், லாயிட் ஒற்றை விரலால் அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்திருந்தான், அவள் கிளம்பியதும் பத்து விரலும் கிளம்பின. பேட்டா வந்தபோது முனிகிருஷ்ணன் பின்னாலிருந்து கையைத் தூக்கினார்.

"அண்ணா, நீங்க வாங்கி வந்தது அது," என்றான் ஓஸ்வால்ட்.

"அதுக்கென்ன? கடைக்காரன்கிட்ட வாங்கும்போது சும்னே, வெறும் துணி. இப்ப சாமி முன்னாடி வெச்சது. ஜாஸ்தி கேளுங்கப்பா யாராச்சும், ஒத்தையாக் கேட்டா மஜா இல்ல."

போட்டி சூடேறியது. ஒருகட்டத்தில் சபை அதே அடியை ஆறேழு முறை பாடிவிட்டது. ஒவ்வொரு முறையும் வேகம் மாறியது. ஒவ்வொரு முறையும் லாயிட் அங்கே இருந்தான். கோதண்டராமன் பின்வரிசைக்கு எழுந்து போய், கீபோர்டு தெரியும்படி நின்றுகொண்டார். கடைசியில் பேட்டா முனிகிருஷ்ணனுக்கே விழுந்தது, கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு விலைக்கு. அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து பாஸ்டரிடம் ஆசீர்வாதம் வாங்கினார்.

டீ வந்தது. அதைக் கோதண்டராமன் வாங்கிக்கொண்டார்.

"முதல்ல பாடினது எப்படி இருந்துச்சு சார்?" என்றாள் மௌரீன்.

"ஒத்திகை பண்ணியிருந்தது."

ஏலத்தில் பாடியதைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரே லாயிடைக் காட்டிக் கேட்டார்: "அந்தம்மா எங்க நிறுத்துவான்னு இவருக்கு எப்படித் தெரியறது?"

"தோளைப் பாப்பான் சார். மூச்சு வாங்கறதுக்கு முன்னாடி அவங்க தோள் ஏறும்."

"எத்தனை வருஷமா?"

"எட்டு வருஷமா சார்."

"கீபோர்டு கேட்டிருக்கேள், ஒலிபெருக்கி கேட்டிருக்கேள், சீருடை கேட்டிருக்கேள். இவருக்குப் போக்குவரத்துச் செலவுன்னு கடைசியில ஒரு வரி. எது முதல்ல வரணும்னு உங்களுக்குத் தெரியாதா, இல்ல சொல்லலையா?"

மௌரீன் டம்ளரைப் பார்த்தாள். "தெரியும் சார். பொருளுக்குக் காசு கேக்க வாய் வருது. ஆளுக்குன்னு கேக்க வரல. ஊழியத்துக்குச் சம்பளமான்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு."

"யாராவது கேட்டாளா?"

"இல்ல சார். நாங்களே கேட்டுக்கிட்டோம்."

அவர் தலையசைத்தார். "நடந்ததை நடந்தபடி எழுதுவேன். பேட்டா உள்பட." வாசலில் செருப்பை மாட்டியபடி, "ரெண்டாவது பாடினது மோசமில்லை," என்றார். நாற்பது ஆண்டுக் கச்சேரிகளில் அவர் யாருக்கும் அதற்கு மேல் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதன்பின் வந்த நாட்கள் மௌரீனுக்கு நீண்டன. லாயிட் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாதத்தின் கடைசி வாரத்தில், டாக்டர் உள்ளே ஒரு நோயாளியின் வாயைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், அவள் போனில் மின்னஞ்சல் வந்து விழுந்தது. இரண்டு முறை படித்தாள். கீபோர்டு இல்லை. ஒலிபெருக்கி இல்லை, மைக் இல்லை, சீருடை இல்லை. இசைப் பயிற்றுநராக லாயிடுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதச் சம்பளம். வாரம் இரு மாலைகள் அவர் தெருவில் விரும்புகிற எவருக்கும் கற்றுத்தர வேண்டும். அன்பளிப்பு விதி மீறப்பட்டதும், அது எவ்வாறு சரிசெய்யப்பட்டது என்பதும் குறிக்கப்பட்டிருக்கின்றன. இனி அப்படி நேரக் கூடாது.

அவள் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்து, "டாக்டர், எனக்குப் பணம் வந்துடுச்சு," என்றாள். நாற்காலியில் வாய் திறந்து கிடந்தவர் பதிலாக ஏதோ சொல்ல முயன்றார்.

கமிட்டி ஞாயிறன்று கூடியபோது முகங்கள் தொங்கின. ஒரு பொருளும் வரவில்லையே என்றார்கள். ஓட்டை கீபோர்டை வைத்துக்கொண்டு சம்பளக்கார ஆள் என்ன செய்வான் என்றார்கள். ஆண்ட்ரூ பாஸ்டர் வழக்கம்போல் தன் பக்கத்தில் தேடினார். இம்முறை கொஞ்சம் கிடைத்தது. "எட்டு வருஷம் நாம அவருக்காக ஜெபம் பண்ணினோம்," என்றார் மெதுவாக. "அதோட வேற ஏதாவதும் பண்ணியிருக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை லாயிட் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டான். தாரணி ஒரு பக்கம் விரல் பழகிக்கொண்டிருந்தாள்; ஓஸ்வால்ட் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தான்.

"ஹோட்டல்ல சொல்லிட்டியா?" என்றாள் மௌரீன்.

"சொல்லிட்டேன்க்கா. வேற ஆள் பாத்துக்கறாங்களாம்." அவன் ஸ்விட்சைப் போட்டான். "இனிமே நான் சம்பளக்காரன். முன்ன மாதிரி நீங்க எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டக் கூடாது."

"சும்மா வாசிச்சப்பவே திட்டினேன். இப்ப காசு வேற வாங்கற. இன்னும் ஜாஸ்தியாத்தான் திட்டுவேன்."

"அப்ப ஹோட்டலுக்கே போயிடறேன்."

"போ. அங்க யாரு மூச்சு வாங்கறாங்கன்னு பாப்பே? இட்லியா?" அவள் தூணுக்குப் பக்கத்தில் தன் இடத்துக்குப் போனாள். "அன்னம்மாக்கா, எந்திரிங்க. மூணாவது சரணம். ஓஸ்வால்டை யாராவது எழுப்புங்க."